வாப்பா ஏறுகிற வண்டி

காக்கா, நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உம்மா சொல்லச் சொல்ல எழுதுவது நான், உங்கள் தங்கை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் நீங்கள் அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்பதாகவும், வெளிநாட்டில் உங்களோடு அறையில் இருக்கும் மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி வைப்பதாகவும் உம்மாவுக்குச் சந்தேகம். அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். உம்மாவின் பேச்சை எழுத்துத் தமிழில் மாற்றித்தான் எழுதுகிறேன், பொருளை மாற்றமாட்டேன். நான் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அடைப்புக்குறிக்குள் போடுவேன். மற்றதெல்லாம் உம்மா.

மகனே, அஸ்ஸலாமு அலைக்கும். நீ நலமாக இருக்கிறாயா என்று கேட்கப்போவதில்லை. போன வாரம் முழுக்க நீ பேசிய பேச்சிலேயே தெரிந்துவிட்டது, உனக்கு என்னிடம் ஏதோ ஆக வேண்டியிருக்கிறது என்று. வாப்பா சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா, தூங்கினாரா என்று ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டாய். எனக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்றாய். எனக்கு முட்டி வலி இருப்பதே உனக்கு இதுவரை தெரியாது. கடைசியில் போனை வைக்கப் போகிறவன் போல, "அப்பறம் உம்மா, அந்த வண்டி விஷயம்" என்று இழுத்தாய். சின்ன வயதிலும் நீ இப்படித்தான். கடற்கரைக்கு ஓட வேண்டும் என்றால், நான் சொல்லாமலே குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பாய். குடம் நிறைந்திருப்பதைப் பார்த்தாலே எனக்குத் தெரியும், இன்றைக்குப் பிள்ளை கடலுக்குப் போகப்போகிறான் என்று. இப்போது நீ பெரிய ஆள், கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. குடம்தான் மாறவில்லை.

குடும்பத்துக்கு ஒரு வண்டி வாங்கவேண்டும் என்று நீ சொன்னதில் எனக்கு மகிழ்ச்சிதான். மினிவேன் போல ஏழு பேர் உட்காருகிற ஒன்று வாங்கலாம் என்றுதான் முதலில் பேசினோம். பிறகு ஒரு நாள் எஸ்யூவி என்றாய். ஐந்து இருக்கை போதும் என்றாய். கிரவுண்ட் கிளியரன்ஸ் என்றாய். அந்த மார்கழி வெள்ளத்தில் உயரமான வண்டி இருந்திருந்தால் வாப்பாவை உடனே வெளியே கொண்டுவந்திருக்கலாமே என்றாய். அதைக் கேட்டு எனக்கும் ஒரு நிமிடம் மனம் இளகியது. அப்புறம் யோசித்தேன். அந்த வெள்ளத்தில் நம் தெருவுக்கு வந்தது படகு. டாக்டர் வீட்டு எஸ்யூவி ஸ்டியரிங் வரை தண்ணீரில் நின்றது, தண்ணீர் வடிந்த பிறகு அதைக் கயிறு கட்டித்தான் இழுத்துக்கொண்டு போனார்கள். நீ ஊரில் இல்லை, அதனால் உனக்குத் தெரியாது என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தப் படத்தை உனக்கு அனுப்பியதே உன் தங்கைதான். தெரிந்தும் ஒருவன் வெள்ளத்தைப் பேச்சில் இழுக்கிறான் என்றால், அவனிடம் வேறு காரணம் இருக்கிறது, அதைச் சொல்ல மனமில்லை என்று பொருள்.

நான் மறுத்துப் பேசியபோது நீ குரலைத் தாழ்த்தி, "உம்மா, மாமி வீட்டுல அதத்தான் எதிர்பாக்காங்க" என்றாய். சம்பந்தி வீட்டார் ஒன்றைக் கேட்டார்கள் என்றால் மாப்பிள்ளையின் உம்மா என்ன சொல்ல முடியும்? மற்ற ஊர்களில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புவார்கள். நம் ஊரில் மகனைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறோம். இந்த வீடு உன் தங்கைக்கு. நீ நிக்காஹ் முடிந்த அன்றே பெண் வீட்டுக்குக் குடிபோய்விடுவாய். உன் வாப்பாவும் அப்படித்தான் ஒரு பெட்டியோடு என் உம்மாவின் வீட்டுக்கு வந்தார். அது நம் வழக்கம், அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மகன் எந்த வாசலுக்குப் போகிறானோ அந்த வாசலில்தான் அவன் வண்டியும் நிற்கும். ஐந்து இருக்கை என்று நீ சொன்னதும் நான் விரல் விட்டு எண்ணினேன். நீ, உன் மனைவி, அவள் வாப்பா, அவள் உம்மா, நாளைக்கு ஒரு பிள்ளை. விரல் முடிந்துவிட்டது. எனக்கு இடமில்லை என்பதற்காக நான் சொல்லவில்லை, நமக்குப் பஸ் இருக்கிறது. வாப்பாவுக்கு?

உனக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். வாப்பாவுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகும் அவர் கைத்தடியோடு பள்ளிவாசலுக்குப் போய்க்கொண்டுதானே இருந்தார்? இப்போது வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கூடப் போவதில்லை. உன்னிடம் கேட்டால் தலைசுற்றல் என்பார். தலைசுற்றல் இல்லை. அவருடைய கூட்டாளி வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு பெரிய எஸ்யூவி அனுப்பியிருந்தார்கள். மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். வாப்பா வலது காலைத் தூக்கி வைத்துவிட்டார், இடது கால் வரவில்லை. பாதி உள்ளே பாதி வெளியே நின்றார். டிரைவரும் இன்னொரு ஆளும் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கினார்கள், கைலி விலகியது. மாடியில் நின்ற ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், "பாத்துப் பைய ஏத்துங்க" என்றார். சந்தையில் மூட்டை ஏற்றும்போது சொல்கிற அதே குரல். வாப்பா கல்யாணத்துக்குப் போனார், சாப்பிட்டார், வந்தார். மறுநாளிலிருந்து வாசல்படியைத் தாண்டவில்லை. உன்னைப் பெண் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடவேண்டியவர் அவர். "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க" என்கிறார். மகனே, எனக்கு இந்த வண்டியில் ஆக வேண்டியது இது ஒன்றுதான். அவர் யார் கையும் படாமல் அதில் ஏற வேண்டும்.

(உம்மா இங்கே எழுந்துபோய் வாப்பாவின் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள். வாப்பா தூங்கவில்லை என்று உம்மாவுக்குச் சந்தேகம். எனக்கும்.)

அதனால் நேற்று நானும் இவளும் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினோம். உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ முன்னாலேயே போன் போட்டு அந்தக் கடைக்காரர்களிடம் பேசிவைத்திருப்பாய். வாப்பாவின் பழைய கைத்தடியை எடுத்துக்கொண்டேன். நம் வீட்டு வாசல்படி உயரத்துக்கு மேல் அவருக்கு இடது கால் எழும்பாது. அந்த உயரத்தைக் கைத்தடியில் அளந்து, இவளுடைய தலைமுடி ரப்பர் பேண்டை அங்கே சுற்றி வைத்தேன். அதுதான் என் டேப். உப்பளத்துப் பக்கம் லாரிகளுக்கு நடுவில் பஸ் ஊர்ந்தபோது கண்டக்டர் என் கையில் கம்பைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்திருந்த ஒருவரை எழுப்பி எனக்கு இடம் வாங்கிக்கொடுத்தார். நான் மறுக்கவில்லை.

ஷோரூமில் இருந்த தம்பி நல்ல பையன்தான், ஏரல்காரராம். ஆனால் அதிகமாகச் சிரித்தார். இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, மேலேயிருந்து அத்தனை விளக்கு. வாப்பா கல் வியாபாரத்தில் இருந்தபோது எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. கடை விளக்கில் எல்லாக் கல்லும் நல்ல கல்தான், முத்தானாலும் மாணிக்கமானாலும் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்த்துத்தான் விலை பேச வேண்டும் என்பார். கொழும்பில் ஒரு பெரிய கடையில், அவர் கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியதும் காவலாளி பின்னாலேயே ஓடிவந்தானாம். நான் எஸ்யூவியில் ஏறிப் பார்த்தேன். சுலபமாக ஏறிவிட்டேன். எனக்கே ஆச்சரியம். உன் மேல் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று கூட நினைத்தேன். பிறகு காலடியைப் பார்த்தேன். ஏறுகிற பக்கத்தில் கம்பளம் போர்த்திய ஒரு படி போட்டிருந்தார்கள், தரையும் அந்தக் கம்பளமும் ஒரே சாம்பல் நிறம். "தம்பி, இந்தப் படியும் வண்டியோட வருமா?" என்று கேட்டேன். அவர் சிரிப்பதை நிறுத்தினார். வண்டியை வெளியே எடுத்து வெயிலில் நிறுத்தச் சொன்னேன்.

வெளியே வந்ததும் அதே வண்டி இரண்டு சாண் வளர்ந்துவிட்டது போல இருந்தது. கைத்தடியை ஊன்றினேன், ரப்பர் பேண்ட் எங்கேயோ கீழே கிடந்தது, வண்டியின் படி அதற்கு மேலே, என் முட்டியளவுக்கு இருந்தது. அந்தத் தம்பி, "அக்கா, மேல ஏறி உக்காந்துட்டா ராஜா மாதிரி இருக்கும்" என்றார். "எங்க வீட்டு ராஜாவுக்கு உக்காரத் தெரியும். ஏறத்தான் வராது. அதுக்கு வழி சொல்லுங்க" என்றேன். அளந்தது போதாது என்று நினைத்து, நானே வாப்பாவாக மாறிப் பார்த்தேன். இடது காலை மடக்காமல், இடது கையைத் தொங்கவிட்டு, வலது கையால் மட்டும் பிடித்து ஏறிப் பார்த்தேன். முடியவில்லை. பிறகு மினிவேனையும் வெளியே எடுக்கச் சொல்லி அதிலும் அப்படியே ஏறினேன்.

(நான் இதை உண்மையாக எழுத வேண்டும். ரோட்டோரத்தில், வெயிலில், உம்மா காலை இழுத்துக்கொண்டு ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு நடந்தபோது நான் வேறு யாரோ போல ஒரு விளம்பரப் பலகையைப் படித்துக்கொண்டு நின்றேன். ஆனால் ஓரக்கண்ணால் பார்த்தேன். அது வாப்பாவேதான். அந்த மூச்சு வாங்குவது கூட.)

வேனில் கதவு பக்கவாட்டில் இழுத்துத் திறக்கிற கதவு. தரை தாழ்ந்திருந்தது. ரப்பர் பேண்டுக்கு ஒரு விரல் மேலே, அவ்வளவுதான். நான் ஏறிவிட்டேன். ஆனால் வேனை நான் அப்படியே நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. கடைசி வரிசையில் உட்கார்ந்தால் முட்டி தாடையில் இடிக்கிறது. அந்த வரிசையில் ஆள் உட்கார்ந்தால் பின்னால் ஒரு பெட்டி கூட வைக்க இடமில்லை. உன்னை விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டுவர எல்லாரும் வந்தால் உன் சாமான் வராது, சாமான் வந்தால் நாங்கள் வரமுடியாது. கதவு ஓடுகிற இரும்பைத் தடவிப் பார்த்து, கடல் காற்றுக்கு இது துருப்பிடிக்குமே என்றேன். பிடிக்கவே பிடிக்காது என்றார் அந்தத் தம்பி. "துருப்பிடிக்காதுன்னு சொல்லுத ஆளு கடல் பக்கத்துல குடியிருந்திருக்க மாட்டாரு" என்றேன். "நான் ஏரல்லா அக்கா, எங்களுக்கு ஆறுதான்" என்று ஒத்துக்கொண்டார். அந்த ஒரு பதிலுக்குப் பிறகுதான் அவர் சொன்ன மற்றதைக் காது கொடுத்துக் கேட்டேன்.

அப்போது என் பின்னால் ஒரு குரல். "சம்மந்தி, ஒங்களுக்குக் கால் வராதுன்னு எங்ககிட்ட யாருமே சொல்லலையே."

உன் மாமியார். கறுப்புப் பர்தாவில், உள்ளே சோபாவில் காபி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த அம்மாள்தான் என்று எனக்குத் தெரியவே இல்லை. நான் வந்ததிலிருந்து கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கையில் கம்பு, இழுக்கிற கால். மாப்பிள்ளை வீட்டார் ஒரு நோயை மறைத்துப் பெண் கேட்டுவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டார், முகத்தில் எழுதியிருந்தது. நான் வெடுக்கென்று நேராக நின்று இரண்டு காலாலும் தரையை மிதித்துக் காட்டினேன். "எனக்கு ஒண்ணுமில்ல. இவ வாப்பாவுக்காகப் பாத்தேன். நீங்க இங்கன என்ன பண்ணுதீங்க?" என்றேன். என் குரலும் நல்லவிதமாக இல்லை. பெண் வீட்டார் ஆசைப்பட்ட வண்டியை எங்களுக்குத் தெரியாமல் வந்து முடித்துவிட்டுப் போகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

அவர் கைப்பையைத் திறந்து ஒரு நைலான் கயிற்றை எடுத்தார், அதில் ஒரு முடிச்சு. அவர்கள் தெருமுனையில் மின்கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று அளந்து போட்ட முடிச்சு. "ஒங்க மவன்தான் எங்க வீட்டுல சொன்னாரு, உம்மாவுக்குப் பெரிய எஸ்யூவிதான் வேணுமாம், ஒத்தக் கால்ல நிக்காங்கன்னு. அது எங்க முனையில திரும்புமான்னு பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன். திரும்பாது. அத ஒங்ககிட்ட எப்படிச் சொல்லுததுன்னுதான் காபிய வச்சுக்கிட்டு இருந்தேன்."

"நானா?" என்றேன். "நீங்க கேக்கீங்கன்னுல்லா எங்கிட்ட சொன்னான்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் கையில் கயிறு, என் கையில் கம்பு. அந்த ஏரல் தம்பி வண்டியின் டயரைக் குனிந்து பார்க்கத் தொடங்கினார். முதலில் சிரித்தது உன் மாமியார்தான். "வண்டி வாங்குததுக்கு முந்தியே நம்ம ரெண்டு பேரையும் ஏத்திட்டாரே" என்றார். நான் சிரிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில் கூட, இது இவர்கள் வீட்டில் கூடிப் பேசி வைத்த நாடகமோ என்று பார்த்தேன். பிறகு அந்த முடிச்சைப் பார்த்தேன். கயிற்றில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. சுவரில் வைத்து அளந்த கயிறுதான் அது. அதன் பிறகு சிரித்தேன். வாப்பா விஷயத்தை அவரிடம் முழுக்கச் சொன்னேன். அவர் என் கைத்தடியை வாங்கி, இரண்டு வண்டியிலும் தானே ஒரு தரம் ஊன்றிப் பார்த்தார். என் அளவை அவர் நம்பவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. பார்த்துவிட்டு, "வண்டி எங்க வாசல்லதான் நிக்கும், அது வழக்கம். சாவி ஒண்ணு ஒங்க வீட்டுல இருக்கட்டும்" என்றார்.

ஆகவே மகனே, உன்னிடம் கேட்கிறேன். அவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எஸ்யூவியைக் கேட்டது நீ. அதை உன் வாயால் "எனக்கு வேணும்" என்று சொல்ல ஏன் கூச்சம்? இரண்டு உம்மாக்களை இரண்டு கதவு போல வைத்துக்கொண்டு நடுவில் ஒளிந்தாய். கல்யாணத்துக்கு முன்னாலேயே இது பழகிவிட்டால், பிறகு ஒவ்வொன்றுக்கும் இங்கே வந்து அவள் சொன்னாள் என்பாய், அங்கே போய் உம்மா சொன்னார் என்பாய். இரண்டு வீட்டிலும் நீ நல்லவன், எங்களுக்குள் மட்டும் பகை. எத்தனையோ வீடுகள் இப்படிக் கெட்டதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே மருமகளும் மாமியாரும் சண்டை போட்டதாகத்தான் ஊர் பேசும். நடுவில் ஓர் ஆண் நின்றது யார் கண்ணிலும் படாது. வேன் என்றால் உனக்கு அப்படி என்ன இளக்காரம்? வேனில் போனால் உன் மரியாதை குறைந்துவிடுமா? அப்படி என்ன

(காக்கா, இந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. உம்மா, "என்னளா, எழுதேன்" என்றார்கள். நான் எழுதவில்லை. உண்மையாக எழுதுவேன் என்று மேலே சொல்லிவிட்டு, எனக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு உம்மா உங்களைத் தப்பாக ஏசுவதை எழுதிக்கொண்டே போனால் அது பொய் அல்லவா? சொல்லிவிட்டேன். நீங்கள் வீட்டில் சொன்னது போல ஆபீஸில் இல்லை, அங்கே வேன்தான் ஓட்டுகிறீர்கள் என்று. காலையிலிருந்து வீடு வீடாகத் தண்ணீர்க் கேனும் அரிசிப் பையும் இறக்குகிறீர்கள் என்று. "ஊருக்கு வந்தும் வேன்தான் ஓட்டணுமா ளா, ஒரு தரம் ஒசரத்துல உக்காந்து ஓட்டுதேனே" என்று நீங்கள் என்னிடம் சொன்னதையும், நீங்கள் சொன்ன மாதிரியே சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாதே என்று நீங்கள் கேட்டுக்கொண்டதை மீறியதற்கு என்னை மன்னியுங்கள். உம்மா ஏசுவார்கள் என்று நினைத்தேன். ஏசவில்லை. "எப்பச் சொன்னான்?" என்று மட்டும் கேட்டார்கள். பிறகு மேசையில் கிடந்த கைத்தடியை எடுத்து அந்த ரப்பர் பேண்டை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருந்தார்கள். இனி மறுபடியும் உம்மா.)

மகனே, நீ ஓட்டுகிற அந்த வேனின் படி எவ்வளவு உயரம்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறாய்? என் முட்டி வலியைப் பற்றி நீ கேட்டபோது, குடத்தில் தண்ணீர் நிரப்புகிறான் என்று நினைத்தேன். வலிப்பது உனக்குத்தானோ என்று இப்போது சந்தேகம் வருகிறது. ஏசியில் உட்கார்ந்து வேலை என்றாய். வீடியோவில் பேசும்போதெல்லாம் ஒரே சுவரைக் காட்டிப் பேசினாய். அந்தச் சுவரின் மேலேயும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, ஆனால் அதை நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் கேட்கிறவள் அதை மட்டும் கேட்காமல் விட்டேன், பதில் தெரிந்துவிடுமே என்று.

சரி. மேலே நான் ஏசியதை அடிக்க வேண்டாம், அதுவும் கிடக்கட்டும் என்று இவளிடம் சொல்லியிருக்கிறேன். நீ இரண்டு பக்கமும் பொய் சொன்னது பொய்தான். ஆனால் உயரத்தில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும் என்ற ஆசை பொய் இல்லை, அதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். அந்தப் பெண்ணிடம் உன் வேலையைச் சொல்லியிருக்கிறாயா? சொல்லவில்லை என்றால் நிக்காஹுக்கு முன்னால் நீயே சொல்லிவிடு. கயிறு கொண்டு வந்து அளக்கிற வீடு அது. எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். நீயாகச் சொன்னால் அது உன் வேலை, அவர்களாகக் கண்டுபிடித்தால் அது உன் பொய். வண்டியை நீ முடிவு செய். எஸ்யூவிதான் என்றால், "எனக்கு வேண்டும் உம்மா" என்று சொல், நான் மறுக்கமாட்டேன். வாப்பாவுக்கு அன்றைக்கு மட்டும் ஒரு வாடகை வேன் பிடித்துக்கொள்கிறேன். அதில் ஏற அவரைச் சம்மதிக்க வைப்பது என் பாடு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இன்று பொழுது சாய்ந்ததும், மஃரிப் தொழுகைக்குப் பிறகு அந்த ஏரல் தம்பி மினிவேனை நம் வாசலுக்குக் கொண்டுவருகிறார், ஓட்டிப் பார்க்க. உன் மாமியார் ஏற்பாடு செய்தது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. வாப்பாவிடம் காலையிலேயே சொன்னேன், "நான் எதுலயும் ஏறல. தெருவே நின்னு பாக்கும்" என்றுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தத் தம்பி வருவாரா என்பதே சந்தேகம், வந்தால் பெட்ரோலுக்கு

(ஹாரன் கேட்டது. உம்மா எழுந்து போய்விட்டார்கள். இனி எழுதுவதெல்லாம் நான்தான், காக்கா. நான் கண்டதையும், காண முடியாததையும் சொல்கிறேன்.

வேன் நம் வாசலை ஒட்டி நின்றது. கதவை இழுத்ததும் உள்ளே விளக்கு எரிந்தது. கடைசி வரிசையில் உங்கள் மாமியார், முட்டி தாடையில் இடிக்க, தன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "இங்கன ஒரு மணி நேரம் உக்காரலாம், அதுக்கு மேல ஏலாது" என்றார்கள். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள், உம்மா அவர்களை ஏசி உள்ளே அனுப்பினார்கள். நாங்கள் யாரும் வாப்பாவைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வரமாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

அப்போது உள்ளேயிருந்து கைத்தடிச் சத்தம் கேட்டது. வாப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள், பித்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. கதவு சாத்தியிருந்ததால் இந்தக் கடிதத்தில் எவ்வளவு கேட்டார்களோ தெரியாது. எல்லாமே கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். வாசல்படிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "வெளக்க எல்லாம் அமத்தச் சொல்லு" என்றார்கள்.

ஏரல்காரர் முன்விளக்கை அணைத்தார், உள்விளக்கையும் எப்படியோ தேடி அணைத்தார். உம்மா வாசல் விளக்கை அணைத்தார்கள். உங்கள் மாமியார் கையிலிருந்த போனின் வெளிச்சத்தைக் கூடப் பர்தாவுக்குள் மறைத்துக்கொண்டார்கள். எதிர் வீட்டில் என்ன நினைத்தார்களோ, அவர்களும் அணைத்துவிட்டார்கள்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கைத்தடி தரையில் ஊன்றுவது கேட்டது. பிறகு அது வண்டியின் படியில் ஊன்றுவது கேட்டது, அந்தச் சத்தம் வேறு. ஒரு கால் ஏறியது. நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. உம்மாவின் கை என் கையைப் பிடித்திருந்தது, நான் முன்னால் போய்விடாமல் பிடித்தார்களா, அவர்கள் போய்விடாமல் இருக்கப் பிடித்தார்களா என்று எனக்குத் தெரியாது. அப்புறம் துணி உரசுகிற சத்தம், ஒரு பெருமூச்சு, இருக்கை அமுங்குகிற சத்தம். யாரும் கை கொடுக்கவில்லை. அல்லாஹ் அறிய, யாரும் தொடவில்லை.

"அவன் வரட்டும்" என்றார்கள் வாப்பா உள்ளேயிருந்து. "அவன் எத வாங்குனாலும் வாங்கட்டும். மாமி வீட்டுக்கு நான் இதுல வச்சுக் கொண்டுபோய் விடுதேன்."

உம்மா அழுதார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மையாக எழுதுவேன் என்று சொன்னேன், அதனால் தெரியாது என்றுதான் எழுத முடியும். எல்லா விளக்கையும் அணைத்திருந்தோம்.)